உட்காரவைக்க மூன்று பேர்

எனக்கு எழுபத்து நாலு வயது. பெற்று வளர்த்தது ஐந்து. (செத்துப்போன என் தங்கையின் பையனையும் சேர்த்தால் ஆறு. அவனைச் சேர்க்காமல் எழுதினால் சண்டைக்கு வருவான்.) இதை எதற்கு முதலிலேயே சொல்கிறேன் என்றால், இத்தனை பேரை வளர்த்தவளுக்கு ஆள் பார்த்து எடுக்கத் தெரியாதா என்று நீங்களும் நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நினைப்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், ஒரு ஊரே வேடிக்கை பார்க்க, மைக் செட்டோடு போயிற்று.

மூன்றாம் வகுப்பு வரைக்கும் படித்தேன். எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன். ஒரு பக்கம் முடிக்க ஒரு பொழுது ஆகும். ஆனால் ஆள் எடுப்பதில் என்னை யாரும் குறை சொன்னதில்லை. செவிலிமேட்டில் இன்றைக்கு மாடி வீடாக நிற்கிற இடத்தில் பாதி அன்றைக்குக் கழனி. நடவுக்குப் பெண்களைச் சேர்த்துக் கூட்டிப் போகிறவள் நான். யாருக்குக் கை வேகம், யாருக்கு வாய் வேகம், யார் வெயில் ஏறினதும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வரப்பில் உட்காருவாள், எல்லாம் முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன். என் கணக்கு ஒன்றே ஒன்றுதான். ஒரே வீட்டு ஆட்களாக எடு. அம்மா, மகள், நாத்தனார், ஓரகத்தி என்று மொத்தமாக எடு. ஒரு வாசலில் நின்று ஒரு குரல் கொடுத்தால் எல்லாரும் வருவார்கள். ஒருத்தி சோம்பினால் இன்னொருத்தி திட்டுவாள், நமக்கு வாய் வலி மிச்சம்.

இந்தக் கணக்கைக் கபடியில் போட்டதுதான் நான் செய்த காரியம்.

என் மகன் வயிற்றுப் பேத்தி சரளா, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கம்பெனி வேலைக்குப் போகிறாள். ஷிப்ட் இல்லாத சாயங்காலங்களில் பாலாற்று மணலில் பெண்கள் கபடி ஆடுவார்கள். அவள்தான் கேப்டன். கோச் என்று ஒருவன் உண்டு, பேர் டில்லி. மற்ற நேரத்தில் வேன் ஓட்டுவான். சில வருஷத்துக்கு முன்னால் ஒரு வைகாசியில், திருமுக்கூடலுக்குப் பக்கத்தில் ஒரு ஊரில் அம்மன் திருவிழாவுக்குப் பெண்கள் கபடிப் போட்டி வைத்தார்கள். ஒரு அணிக்குப் பத்து பேர்தான் என்று கட்டளை. ஏழு பேர் ஆட, மூன்று பேர் உட்கார. மணலில் ஆடுகிறவர்களோ பதினோரு பேர்.

ஆடுகிற ஏழு பேர் யார் என்பதில் தகராறு இல்லை. வம்பு முழுக்க உட்காருகிற மூன்று பேரில்தான். பிடித்து இழுக்கிறவர்கள் ஏழு பேருக்குள்ளேயே நிறைய இருந்தார்கள். எதிராளி கோட்டுக்குள் மூச்சு விடாமல் பாடிக்கொண்டே போய்த் தொட்டுவிட்டு ஓடிவருகிறவள் சரளா ஒருத்திதான் உருப்படி. (எங்கள் காலத்தில் பாடப் போகிறவள் என்போம். இதுகள் ரைடர் என்கின்றன.) அவளுக்கு ஒன்று ஆனால் இறக்குவதற்குப் பெஞ்சில் ரைடர்கள் வேண்டும். ரைடர்கள் நாலு பேர். இடம் மூன்று.

டில்லி என் வீட்டு வாசலில் வந்து தலையைச் சொறிந்தான்.

“ஆயா, யாரை வைக்கறது, யாரைக் கழிக்கறதுன்னு நீயே சொல்லிடு. நான் சொன்னா நாளைக்கு என் வண்டிக் கண்ணாடி இருக்காது.”

“ஏன்டா, கோச்சுன்னு விசில மாட்டிக்கினு திரியறியே, அது எதுக்கு?”

“அது ஊதறதுக்கு ஆயா. பொண்ணுங்க அம்மாகிட்ட ஒதை வாங்கறதுக்கு இல்ல. நீ சொன்னா எவளும் எதுத்துப் பேச மாட்டா.”

அந்தக் கடைசி வார்த்தையில் நான் விழுந்தேன். நல்ல புடவையாக ஒன்று கட்டிக்கொண்டு போனேன். (கபடிக்கு எதற்கு நல்ல புடவை என்று கேட்காதீர்கள். ஆள் எடுக்கப் போகிறேன் இல்லையா?) மணலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். டீ வந்தது. நாலு பேரும் மாற்றி மாற்றிப் பாடினார்கள்.

மூன்று பேர் ஒரே வீடு. அக்கா, தங்கை, சித்தப்பா மகள். பெரிய வீட்டுப் பெண்கள் என்றுதான் தெருவில் பெயர். மூவரில் வாயாடி நந்தினி. போன வேகத்தில் பிடிபடுவார்கள், பிடிபட்டதும் மூன்று பேரும் சேர்ந்து சிரிப்பார்கள். எனக்கு அந்தச் சிரிப்பு பிடித்துவிட்டது.

நாலாவது, மெர்சி. அடுத்த தெரு. அவள் அம்மா ரோஸ், பட்டுத்தறிக்காரர்களுக்கு நூல்கண்டு சுற்றிக் கொடுக்கிறவள். மெர்சியும் கூட உட்கார்ந்து சுற்றிவிட்டுத்தான் வருவாள், அதனால் எப்போதும் தாமதம். சிரிப்பும் கிடையாது, பேச்சும் கிடையாது. போவாள், தொடுவாள், வருவாள். வந்த பிறகுதான் தொட்டதே தெரியும். அதை என் கண்ணால் பார்த்தேன். பார்த்துவிட்டு என்ன சொன்னேன் தெரியுமா?

“பெரிய வூட்டுப் பசங்க மூணு பேரும் போதும். ஒருத்தியக் கூப்ட்டா மூணு பேரும் வருவாங்க. மெர்சி ஒத்தை ஆளு. நாளும் ஞாயித்துக்கெழமை. சர்ச்சுக்குப் போயிட்டான்னா இன்னா பண்றது?”

“சர்ச்சு காலையிலயே முடிஞ்சிடும் ஆயா. ஃபைனல் சாயங்காலம்தான” என்றாள் மெர்சி.

“இருக்கட்டும்மா. இது சின்னப் போட்டி.”

அது சின்னப் போட்டி இல்லை என்று எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். காஞ்சிபுரத்தில் ஒரு பெண்கள் காலேஜில் விளையாட்டில் இடம் கொடுக்க ஆள் பார்ப்பதற்கு அங்கிருந்து டீச்சர் ஒருவர் ஃபைனலுக்கு வருவதாக இருந்தது. மெர்சி அப்போதுதான் பன்னிரண்டாவது முடித்திருந்தாள். அந்த இடம் கிடைத்தால் காலேஜ். கிடைக்காவிட்டால் கம்பெனிக்கு ஆள் சேர்ப்பவனிடம் ரோஸ் பேசி வைத்தாயிற்று. அடுத்த மாதமே விடியற்காலைப் பேருந்தில் ஏற வேண்டியதுதான்.

“டீச்சர் வராங்க ஆயா” என்றாள்.

“டீச்சரு ஆடறவளப் பாப்பாங்களா, உக்காந்துக்கினு இருக்கறவளப் பாப்பாங்களா? உனக்கு ஒண்ணும் நஷ்டம் இல்லம்மா.”

“உக்காரவாவது எடம் குடு ஆயா.”

அதற்கு நான் டீ கிளாஸைப் பார்த்தேன். டீ தீர்ந்திருந்தது.

சரளா என்னை வீட்டுக்குக் கூட்டிவரும்போது, “ஆயா, இது நடவு இல்ல” என்றாள்.

“எல்லாம் ஒண்ணுதாண்டி. குனியணும், பின்னாடியே போவணும், மேலெல்லாம் அழுக்காவணும்.”

சனிக்கிழமை நம் பெண்கள் எல்லா ஆட்டத்திலும் ஜெயித்து ஃபைனலுக்கு வந்துவிட்டார்கள். சரளா ஒருத்தியே பாடினாள். பெரிய வீட்டுப் பெண்கள் பெஞ்சில் உட்கார்ந்து கைதட்டினார்கள். மூன்று பேரும் ஒன்றாகப் போய் ஒன்றாக வந்தார்கள், ஒரு சத்தம் இல்லை என்று டில்லி வந்து சொன்னான். அன்றைக்குச் சாயங்காலம் தெருவில் நான் நடந்த நடையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தும் விடியாததுமாகத் தெருக்கோடியில் பறை கேட்டது. பெரிய வீட்டு ஏகாம்பரம் போய்விட்டார். பாவம், படுக்கையில் கிடந்து ரொம்ப நாள் ஆகிறது. எந்த நாள் வேண்டுமானாலும் போயிருக்கலாம்.

எழுந்து நின்றேன். உட்கார்ந்தேன். திரும்ப எழுந்தேன். ஏகாம்பரத்துக்கு அந்த மூன்று பெண்களும் பங்காளி வீட்டுப் பிள்ளைகள். பங்காளி செத்தால் மொத்த வகையறாவுக்கும் தீட்டு. போட்டி நடப்பது அம்மன் கோயில் திடலில். அங்கே காப்புக் கட்டித் திருவிழா நடக்கிறது. கருமாதி முடியாமல் தீட்டுக்காரர்கள் அந்தத் திடலில் கால் வைக்க முடியாது. ஒரே வாசலில் ஒரு குரல் கொடுத்தால் மூன்று பேரும் வருவார்கள் என்று பார்த்தேனே, அதே ஒரு குரலில் மூன்று பேரும் போவார்கள் என்று பார்க்கவில்லை.

டில்லி ஓடிவந்தான். “ஆயா, பெஞ்சு காலி.”

“இருடா. போய்ப் பாக்கறேன்.”

“இன்னாத்தப் பாப்பே? அவரு எழுந்துப்பாரா?”

மாலை வாங்கிக்கொண்டு சாவு வீட்டுக்குப் போனேன். அழுதேன். (சும்மா சொல்லக்கூடாது, அழுகை நன்றாகவே வந்தது. யாருக்காக வந்தது என்பதை மட்டும் கேட்காதீர்கள்.) அழுது முடித்துவிட்டு அந்த வீட்டு மருமகள் தெய்வானையிடம் மெல்லக் கேட்டேன்.

“எப்பமா எடுக்கறீங்க?”

“மூணு மணி ஆவும் அத்தே. எங்க வூட்டுக்காரரோட அண்ணன் ஓசூர்லேர்ந்து வந்துக்கினு இருக்கறாரு.”

“வெயில் காலம்மா. அவ்ளோ நேரம் வெக்கறதா?”

பக்கத்தில் இருந்தவர்கள், ‘பெரியவங்களுக்குத்தான் பொறுப்பு’ என்பது போலப் பார்த்தார்கள். அதோடு நான் வீட்டுக்கு வந்திருக்கலாம். வாய் நின்றால்தானே.

“ஏம்மா, இந்தப் பசங்க மூணு பேரும் கிட்டத்துப் பங்காளியா, தூரத்துப் பங்காளியா?”

“தாத்தாவுக்குத் தாத்தா ஒண்ணு அத்தே. ஏன்?”

“சும்மாதான். கேட்டுக்கினேன்.”

நந்தினிக்கு மட்டும் கல்யாணம் ஆகியிருந்தால் புருஷன் வீட்டு வகையறாவுக்குப் போயிருப்பாள், இந்தத் தீட்டு இவ்வளவு ஒட்டியிருக்காது. சாயங்காலத்துக்குள் ஒரு மாப்பிள்ளை கிடைப்பானா என்று கூட ஒரு நொடி ஓடிற்று. (கடவுளே.) அந்த நேரம் பார்த்து நந்தினியே என் பக்கத்தில் வந்து முந்தானையை இழுத்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

“ஆயா, ஜெர்ஸிய உள்ளாரப் போட்டுக்கினுதான் இருக்கறேன். எதுனா பண்ணு.”

அவள் அம்மாவின் கண்ணுக்குச் சுடிதார் கழுத்துக்குள்ளே நீலமாக ஏதோ தெரிந்துவிட்டது.

“இன்னாடி இது உள்ள?”

ஒப்பாரி நின்றது. சாவு வீட்டில் ஒப்பாரி நின்றால் எப்படி இருக்கும் தெரியுமா? மின்சாரம் போனது போல இருக்கும். நந்தினி என்னைப் பார்த்தாள். நந்தினி பார்ப்பதை எல்லாரும் பார்த்தார்கள்.

தெய்வானை எழுந்து நின்றாள். “அத்தே, எங்க வூட்டுச் சாவுக்கு நீ அழ வந்தியா, ஆள் எடுக்க வந்தியா?”

எப்படி வாசலைத் தாண்டினேன் என்று எனக்குத் தெரியாது. ஒரு செருப்பு என்னுடையது, இன்னொன்று யாருடையதோ. அதை மாட்டிக்கொண்டே அடுத்த தெருவுக்குப் போனேன், ரோஸ் வீட்டுக்கு. இனி மெர்சிதான். காலில் விழுவது என்று முடிவு செய்துகொண்டேதான் போனேன். தவிர்க்க முடியாத காரணம் இருந்தால் ஒருத்திக்குப் பதில் ஒருத்தியைச் சேர்த்துக்கொள்ள அந்த ஊர்க்காரர்கள் விடுவார்கள் என்று டில்லி சொல்லியிருந்தான்.

ரோஸ் ராட்டினத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை.

“மெர்சி இல்லையே.”

“சர்ச்சுக்கா?”

“அது எப்பவோ முடிஞ்சிது. மேட்ச்சுக்குப் போயிக்கிறா.”

“எந்த மேட்ச்சுக்கு?”

“உங்க மேட்ச்சுக்குத்தான்.”

எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. பாருங்கள், கழித்துவிட்டாலும் கைதட்டப் போயிருக்கிறாளே, என்ன மனசு இந்தப் பெண்ணுக்கு என்று நடுத்தெருவில் நின்று அவளை வாழ்த்தினேன். ரோஸ் அப்போது ஒரு மாதிரி சிரித்தாள். அதை நான் கவனித்திருக்க வேண்டும்.

சாவு வீட்டுக்குப் போனதற்குத் தலைக்கு ஊற்றிக்கொண்டு வேனில் நானும் ஏறிக்கொண்டேன். ஜன்னலைத் திறந்தேன், மூடினேன். திரும்பவும் திறந்தேன். டில்லியிடம் வேகமாகப் போ என்றேன். வேகமாகப் போனதும் மெல்லப் போ என்றேன். “ஆயா, நீ இறங்கிக்கினா வண்டி தானா வேகமா போவும்” என்றான்.

திடலில் இறங்கியதும் மெர்சியைத் தேடினேன். கைதட்டுகிற கூட்டத்தில் இல்லை. டீக்கடையில் இல்லை. பச்சை ஜெர்ஸியில், எதிரணியில், குனிந்து கால்கட்டைச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

எதிரணி வாலாஜாபாத் பக்கம். அதில் ஒரு பெண்ணுக்குச் சனிக்கிழமை விரல் பிசகிவிட்டதாம். பதில் ஆள் வேண்டுமே என்று அவர்கள் தவித்தபோது, மெர்சியோடு கூடப் படித்தவள் ஒருத்தி அந்த அணியில் இருந்து, காலையில் வந்து கூட்டிப்போயிருக்கிறாள். அவர்களுக்கும் அதே சலுகை. நான் கேட்க நினைத்ததை எனக்கு முன்னால் அவர்கள் கேட்டு வாங்கிவிட்டார்கள்.

“ஆயா” என்றான் டில்லி. விசிலைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஆட்டம் தொடங்கிற்று. எனக்கு முட்டி வலி, நிற்க முடியவில்லை. திடலில் காலியாக இருந்தது நம் அணியின் பெஞ்சு ஒன்றுதான். போய் உட்கார்ந்தேன். மைக்கில் ஒருவன் விடாமல் பேசிக்கொண்டிருந்தான். அவன் கண்ணில் நான் பட்டுவிட்டேன்.

“செவிலிமேடு அணியின் மாற்று ஆட்டக்காரர் தயார் நிலையில் இருக்கிறார்! வயதைப் பார்க்காதீர்கள், அனுபவத்தைப் பாருங்கள்!”

திடலே சிரித்தது. எழுந்து போய்விடலாம் என்றால் முட்டி ஒத்துழைக்கவில்லை. அந்த மைக்குக்காரனிடம் யாரோ போய், இந்த அணிக்கு ஆள் எடுத்ததே அந்த அம்மாதான் என்று சொல்லித் தொலைத்தார்கள். அதன் பிறகு ஒவ்வொரு புள்ளிக்கும் “தேர்வாளர் அம்மா அவர்களே!” என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டான்.

பாதி ஆட்டம் வரைக்கும் சரளா சமாளித்தாள். அப்புறம் ஒரு ரைடில் திரும்பி ஓடிவரும்போது கணுக்கால் மடங்கிவிட்டது. தூக்கிக்கொண்டு வந்து என் பக்கத்தில் போட்டார்கள். நடுவர் நம் பெஞ்சைப் பார்த்தார். பெஞ்சில் நான் இருந்தேன்.

“மாத்து ஆளு?”

டில்லி வானத்தைப் பார்த்தான். “ஆயா, பேசாம நீயே ஜெர்ஸி போட்டுக்கோ.”

ஆறு பேரோடு ஆடினார்கள். பிடிக்கிற பெண்கள் பாடப் போனார்கள், போன இடத்தில் பிடிபட்டார்கள். அந்தப் பக்கத்திலிருந்து மெர்சி வந்தாள். மணலில் பார்த்த அதே நடை. வந்தது தெரிந்தது, தொட்டது தெரியவில்லை. நடுவர் கை தூக்கிய பிறகுதான் நம் பெண்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். கூட்டத்துக்கு முன்னால் நாற்காலியில் காலேஜ் டீச்சர் உட்கார்ந்திருந்தார். முதலில் போன் பார்த்துக்கொண்டிருந்தவர் போனைப் பைக்குள் வைத்துவிட்டார்.

கடைசி நிமிஷத்தில் நம் பெண்கள் மூன்று பேர் மெர்சியை வளைத்துப் பிடித்தார்கள். ஒருத்தி கால், ஒருத்தி இடுப்பு. நடுக்கோடு ஒரு முழம் தூரத்தில் இருந்தது. நம் பக்கம் எல்லாரும், “விடாதே! விடாதே!” என்று கத்தினார்கள். நானும் எழுந்து நின்று கத்தினேன்.

“உடாதே மெர்சி! கைய நீட்டுடீ! கைய நீட்டு!”

முட்டி வலி எங்கே போயிற்று என்று தெரியவில்லை. அவள் கை கோட்டைத் தொட்டது. நடுவர் விசில் ஊதினார். நம் பெண்கள் மண்ணில் கிடந்தபடியே தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார்கள். சரளா கட்டுப்போட்ட காலோடு கேட்டாள்: “ஆயா, நீ எந்த டீமு?”

தோற்றோம். சிறந்த ரைடர் கோப்பை மெர்சிக்கு. மைக்குக்காரன் சும்மா விடுவானா? அவள் வாயருகே மைக்கை நீட்டி, “இந்த வெற்றிக்கு யாருக்கு நன்றி சொல்ல விரும்புறீங்க?” என்றான்.

மெர்சி நாலு பேர் நடுவில் வாய் திறந்து நான் கேட்டதில்லை. அன்றைக்குத் திறந்தாள்.

“எங்க ஏரியா ஆயாவுக்கு. அவங்க என்னை எடுத்திருந்தா நான் இந்நேரம் அங்க உக்காந்துக்கினு இருந்திருப்பேன்.”

சொல்லிவிட்டு அந்தப் பெஞ்சைக் கை காட்டினாள். ஊரே திரும்பிப் பார்த்தது. பொன்னாடை ஒன்று மிச்சம் இருந்தது போலிருக்கிறது. கொண்டுவந்து எனக்குப் போர்த்திவிட்டார்கள்.

வேனில் வரும்போது எல்லாரும் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்கள். சரளாவின் கால் என் மடியில் இருந்தது. பாதி வழியில் பின் சீட்டில் ஒருத்தி மெதுவாக, “கைய நீட்டுடீ” என்றாள். அவ்வளவுதான், வீடு வருகிற வரைக்கும் சிரிப்பு நிற்கவில்லை. கால் வீங்கிய சரளாவே சிரித்தாள்.

மெர்சிக்குக் காலேஜில் இடம் கிடைத்தது. படித்து முடித்து இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராக இருக்கிறாள். தெய்வானை இரண்டு வருஷம் என்னோடு பேசவில்லை. என் மகன், மருமகள், பேரன், பேத்தி எல்லாரும் சொல்வது ஒன்றுதான், நான் ஒரே வீட்டில் ஆள் எடுத்தது தப்பு என்று. அது தப்பில்லை. ஏகாம்பரம் அன்றைக்குச் செத்தார் பாருங்கள், அதுதான் தப்பு. இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன்.

ஆனால் அதனால் வந்த தொல்லை இன்னும் தீரவில்லை. மெர்சிக்கு இடம் கிடைத்த மறு மாதம் நந்தினி வந்தாள், நர்சிங் படிக்க இடம் கேட்டுப் போகிறாளாம். “ஆயா, என்னை ஒரு வாட்டி வேணாம்னு சொல்லு” என்றாள். விளையாட்டுக்கு, “போடி, நீ தேற மாட்டே” என்றேன். அவளுக்கும் கிடைத்துவிட்டது. அதிலிருந்து தெருவில் எவள் பரீட்சைக்குப் போனாலும், எவன் வேலைக்குப் போனாலும், என் வாசலில் வந்து நிற்கிறார்கள். அவர்களைக் கழித்து அனுப்ப வேண்டும். திருநீறு வேண்டாம், ஆசீர்வாதம் வேண்டாம். போன மாதம் டில்லி மகனுக்குப் பெண் பார்க்கப் போகிற வழியில் வேனை நிறுத்தி, “ஆயா, இந்தப் பையன் எதுக்கும் ஆவ மாட்டான்னு ஒரு வார்த்தை சொல்லிடு” என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனான்.

இதோ, சரளாவின் தங்கை தீபா காலையிலிருந்து எதிரில் உட்கார்ந்துகொண்டு நகத்தைக் கடிக்கிறாள். நாளைக்கு அவளுக்கு நேர்முகத் தேர்வு. “சொல்லு ஆயா, சீக்கிரம் சொல்லு” என்று பிடுங்கி எடுக்கிறாள்.

இருடி, அவசரப்படாதே. முதலில் இந்தத் தாளையெல்லாம் எடுத்துத் தொடக்கத்திலிருந்து எனக்குப் படித்துக் காட்டு. ஒரு வரி விடாமல் படி. அப்புறம் உன்னை வேண்டாம் என்கிறேன்.